வன்னிப் பிள்ளை ஏன் வரலாறு படிக்கப் போகிறது?

முதலில் ஒன்றைச் சொல்லிவிட்டால் நல்லது. எங்களில் கனபேர் வரலாற்றைத் தெரிவு செய்து வந்தவர்கள் இல்லை, அது எங்களுக்குக் கிடைத்தது. கல்யாண வீட்டிலோ செத்த வீட்டிலோ யாராவது ஒரு மாமா "பிள்ளை கம்பஸில என்ன படிக்குது?" என்று கேட்பார். வரலாறு என்றதும் முகத்தைக் கொஞ்சம் கோணிக்கொண்டு "அதைப் படிச்சு என்ன செய்யிறது?" என்பார். நான் பழம்பெருமை பற்றி ஒரு சின்னப் பிரசங்கம் வைப்பேன் என்று அவர் நினைத்துக்கொண்டிருப்பார், ஆனால் உண்மையான பதிலின் முதல் பாதி எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடம் எந்த வகை என்பதில் இருக்கிறது.

இலங்கையில் அரச பாடசாலைகளை வகை பிரித்து வைத்திருக்கிறார்கள். 1ஏபி என்றால் பல்கலைக்கழகத்துக்கு முந்திய உயர்தர வகுப்பில் விஞ்ஞானமும் கணிதமும் படிக்கலாம். 1சி என்றால் கலையும் வர்த்தகமும்தான். வகை 2 தரம் 11இல் வருகிற சாதாரண தரத்தோடு சரி, வகை 3 சின்னப் பிள்ளைகளுக்கு. யாழ்ப்பாணத்துக்குத் தெற்கே கிடக்கிற எங்கள் வன்னியில், ஒரு கிராமத்திலிருந்து சைக்கிளில் போய்வரக்கூடிய தூரத்தில் 1ஏபி இருந்தால் அது அந்தப் பிள்ளையின் அதிர்ஷ்டம். இல்லையென்றால் கிளிநொச்சி நகருக்கோ வவுனியாவுக்கோ பஸ் ஏற வேண்டும், அல்லது யாழ்ப்பாணத்தில் சொந்தக்காரர் வீட்டில் நின்று அவர்கள் வீட்டு வேலையில் பாதியையும் பார்த்துக்கொண்டு படிக்க வேண்டும். இரசாயனவியலுக்கு ரியூசன், பௌதிகவியலுக்கு ரியூசன், பின்னேர ரியூசன் முடிந்து கடைசி பஸ்ஸில் இறங்கி யானை நிற்கிற றோட்டால் வீட்டுக்கு நடை. இதையெல்லாம் கணக்குப் பார்த்துவிட்டுத்தான் அம்மாமார் "நீ ஆர்ட்ஸ் படி பிள்ளை" என்கிறார்கள். அதில் ஒரு வஞ்சகமும் இல்லை.

ஆர்ட்ஸுக்குள்ளும் மூன்று பாடம் எடுக்க வேண்டும். தமிழ், இந்து நாகரிகம், புவியியல், அரசியல் விஞ்ஞானம், அளவையியல், நாடகமும் அரங்கியலும், வரலாறு என்று பட்டியல் நீளமாகத்தான் இருக்கும், ஆனால் எதற்கு ஆசிரியர் இருக்கிறாரோ அதுதான் பாடம். எங்கள் பள்ளியில் வரலாற்றுக்கு ஒரு மிஸ் இருந்தார். அளவையியலுக்கு ஆள் இல்லை. என் தெரிவு அவ்வளவுதான்.

அப்புறம் இசட் புள்ளி, உயர்தரப் பரீட்சைப் புள்ளிகளைத் தரப்படுத்திக் கணக்கிடுவது. பல்கலைக்கழக அனுமதியில் பொதுவான விதி இது: 40 வீதம் நாடு முழுவதற்குமான திறமை வரிசையில், 55 வீதம் மாவட்ட அடிப்படையில், மிச்சம் 5 வீதம் கல்வி வசதி குறைந்த மாவட்டங்களுக்கு. அந்த மாவட்டங்கள் 16. கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா நாலும் அதற்குள் வரும். இப்படி ஏதோ ஒரு கதவால் உள்ளே வந்து, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகக் கலைப்பீடத்தில் முதல் வருஷம் மூன்று பாடம் படித்த பிறகுதான் முதல் தடவையாக ஒருவர் எங்களைப் பார்த்து, எந்தப் பாடத்தில் சிறப்புக் கற்கை செய்யப் போகிறீர்கள் என்று கேட்கிறார். உண்மையான தெரிவு அங்கேதான் நடக்கிறது. புவியியலுக்குப் போனால் வரைபட மென்பொருள் பழகி ஏதாவது நிறுவனத்தில் வேலை தேடலாம் என்று தெரிந்தும் சிலர் வரலாற்றிலேயே நிற்கிறார்கள். அவர்கள் ஏன் நிற்கிறார்கள் என்பதைத்தான் நான் இங்கே சொல்லப் பார்க்கிறேன்.

வேலைக் கதையைச் சுருக்கி முடித்துவிடுகிறேன், அதில் சுவாரசியம் குறைவு. தரம் 6 முதல் 11 வரை எல்லாப் பிள்ளைகளும் வரலாறு படிப்பதால் வரலாற்றுப் பட்டதாரி பெரும்பாலும் ஆசிரியராவார். இல்லையென்றால் பிரதேச செயலகத்தில் அபிவிருத்தி உத்தியோகத்தர். கொஞ்சப் பேர் நிர்வாக சேவைப் பரீட்சை, மிகச் சிலர் தொல்லியல். நியமனத்துக்காக வருஷக்கணக்கில் காத்திருப்பது எங்கள் மாகாணத்தில் புதினமில்லை, 2017இல் வேலையற்ற பட்டதாரிகள் மாதக்கணக்காக றோட்டோரம் கொட்டில் போட்டுக்கொண்டு இருந்தார்கள். கலைப்பீடத்தில் எதைப் படித்தாலும் ஏறக்குறைய இதே கதைதான், அதனால் வேலையை வைத்து இந்தத் தெரிவை விளக்க முடியாது.

என்னை நிறுத்தி வைத்தது ஒரு கல்.

வன்னியில் வளர்ந்த பிள்ளைக்கு, வெள்ளைக்காரனை எதிர்த்த வன்னித் தலைவன் பண்டாரவன்னியன் கதையைச் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. 1803 ஓகஸ்ட் 25 அன்று முல்லைத்தீவைத் தாக்கி, வெள்ளைக்காரனைக் கடலால் ஓட வைத்து, பீரங்கியையும் பறித்தது; பிறகு காக்கை வன்னியன் காட்டிக்கொடுக்க, ஒக்ரோபர் 31 அன்று கற்சிலைமடுவில் வீரமரணம். பள்ளி விழாவில் இந்த நாடகம் வராத வருஷம் இல்லை. காக்கை வன்னியனாக நடித்த ஓர் அண்ணாவை ஒரு வருஷம் முழுக்க நாங்கள் அந்தப் பெயராலேயே கூப்பிட்டோம். அந்தக் கற்சிலைமடுவில், ஒட்டுசுட்டான் பக்கத்தில், ஆங்கிலத்தில் எழுதிய ஒரு நினைவுக்கல் இருந்தது. போருக்குப் பிறகு யாரோ உடைத்து, பிறகு திரும்பவும் வைத்தார்கள். கப்டன் வொன் டிறிபேர்க் 1803 ஒக்ரோபர் 31இல் இவ்விடத்தை அண்டிப் பண்டாரவன்னியனைத் தோற்கடித்தான் என்கிறது கல். தோற்கடித்தான் என்றுதான் இருக்கிறது. கொன்றான் என்று இல்லை.

சின்ன வயதில் எத்தனையோ தரம் அந்தப் பக்கம் போயிருக்கிறேன், அம்மாவின் ஊர் அது. ஆனால் அந்த ஒரு வினைச்சொல்லைக் கம்பஸுக்குப் போன பிறகுதான் வாசித்தேன். எதிரியைக் கொன்றிருந்தால் அதை எழுதாமல் விடக் கல் நட்டவர்களுக்கு என்ன காரணம் இருக்கும்? 1803க்குப் பிறகும் அவர் சில ஆண்டுகள் உயிரோடு இருந்து வேறு இடத்தில் இறந்தார் என்று பிரிட்டிஷ் காலப் பதிவுகளை வைத்து வாதிடுகிற ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். அப்படியென்றால் கற்சிலைமடுச் சாவு எங்கள் நாடகத்துக்குள் எப்படி வந்தது?

காக்கை வன்னியன் கதை இன்னும் சிக்கல். யாழ்ப்பாண வைபவமாலையைத் திறந்தால் அதே பெயரில் ஒருவன் அங்கே நிற்கிறான், யாழ்ப்பாணத்துச் சங்கிலி மன்னனைப் பறங்கியரிடம், அதாவது போர்த்துக்கேயரிடம், பிடித்துக் கொடுப்பவனாக. மயில்வாகனப் புலவர் அந்த நூலை எழுதியது ஒல்லாந்தர் காலத்தில், பண்டாரவன்னியன் படை திரட்டுவதற்குப் பல பத்தாண்டுகள் முன்பு. அதாவது இந்தத் துரோகி எங்கள் கதைக்கு வருவதற்கு முன்னமே வேறொரு கதையில் வேலை பார்த்து முடித்தவன். ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்திருக்க முடியாதா என்று கேட்டால், முடியும். ஆனால் தோல்விக்கு ஒரு துரோகி தேவைப்பட்டபோது சனம் தெரிந்த ஒருவனையே கூப்பிட்டுக்கொண்டது என்றுதான் எனக்குப் படுகிறது.

இதையெல்லாம் ஒரு லீவுக்குப் போனபோது அம்மம்மாவிடம் விளக்கினேன். அவர் வெற்றிலையை மடித்து வாயில் வைத்துவிட்டு, "கல்லில எழுதினது வெள்ளைக்காரன்தானே பிள்ளை, அவன் எழுதினது மட்டும் சரியே?" என்றார். இதே கேள்வியை நீட்டி வளைத்து ஒரு பருவம் முழுக்க எங்களுக்குப் படிப்பித்தார்கள். மூலத்தை எழுதியது யார், யாருக்காக, எதை விட்டுவிட்டு. அம்மம்மா ஐந்தாம் வகுப்பு.

ஆக, வீட்டில் சொல்கிற கதைக்கும் எழுத்தில் இருப்பதற்கும் இடையில் ஒரு வெடிப்பு இருக்கிறது. எல்லா ஊரிலும் அது இருக்கும்தான். வன்னியில் அது அகலம், கால் வைத்தால் விழுகிற அளவுக்கு அகலம். அதற்குள் விழுந்தவர்கள்தான் வரலாற்றில் நின்றுவிடுகிறார்கள் என்பது என் எண்ணம்.

சிலர் கோபத்தால் விழுகிறார்கள். பள்ளிக்கூட வரலாற்றுப் புத்தகத்தைத் திறந்தால் விஜயன் வருவான், பண்டுகாபயன் வருவான், தேவநம்பியதீசன் வருவான், துட்டகைமுனு வருவான், குளமும் தாதுகோபமும் வரும். தமிழர் பெரும்பாலும் படையெடுத்துக்கொண்டே வருவார்கள். தமிழ் அரசன் எல்லாளன் 44 வருஷம் ஆண்டான் என்று பௌத்த வரலாற்று நூலான மகாவம்சமே சொல்கிறது, எதிரி எழுதிய நூல் அவனுடைய நீதியைப் புகழவும் செய்கிறது. 44 வருஷம் ஒரு வீட்டில் இருந்தவரை வந்து போனவர் என்று யாராவது சொல்வார்களா? பதினாறு வயதில் இதை யோசித்த பிள்ளைக்கு வரலாறு என்பது வழக்குப் பேசுகிற இடமாகத் தெரியும். நானும் வக்கீல் புத்தியோடுதான் போனேன். நாங்கள் இங்கே எப்போதிருந்து இருக்கிறோம் என்று சான்றோடு நிரூபித்து, மேசையில் அடித்துவிட்டு வர வேண்டும், அவ்வளவுதான் என் திட்டம்.

அந்தத் திட்டத்துக்கு முதல் அடி வவுனியா மாவட்டத்துப் பெரியபுளியங்குளத்தில் விழுந்தது. அங்கே பாறையில் கிறிஸ்துவுக்கு முற்பட்ட காலத்துப் பிராமிக் கல்வெட்டுகள் இருக்கின்றன. தொல்லியலாளர் பரணவிதான 1970இல் பதிப்பித்த தொகுதியில் அவற்றை வாசிக்கலாம். மொழி பிராகிருதம். அதில் 'தமேட' என்ற சொல்லோடு விசாகன் என்ற வணிகன் வருகிறான். தமேட என்றால் தமிழ். நான் துள்ளினேன், இரண்டாயிரம் வருஷத்துக்கு முன் வவுனியாவில் ஒரு தமிழ் வணிகன், கல்லில் எழுதியிருக்கிறது, இனி யார் என்ன சொல்ல முடியும்! பிறகு மிச்சத்தையும் வாசித்தேன். அந்தக் கல்வெட்டுகள் பௌத்த பிக்குகள் இருந்த இடத்துக்கு அவன் செய்த தானத்தைப் பற்றியவை. தமிழனை எடுத்துக்கொண்டால் அவன் கொடுத்த தானத்தையும் சேர்த்துத்தான் எடுக்க வேண்டும். அதே அளவு சங்கடம் மற்றப் பக்கத்துக்கும் உண்டு: ஒரு பழைய பௌத்தக் கட்டடத்தின் அத்திவாரத்தைக் கண்டவுடன் இது சிங்கள ஊர் என்று பலகை நடுகிறவருக்கும் விசாகன் வழியில் குறுக்கே நிற்கிறான்.

இதைக் கம்பஸ் விவாதம் என்று நினைத்துவிடாதீர்கள். 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டத்தின் கீழ் ஓரிடம் பிரகடனப்படுத்தப்பட்டால் அங்கே நினைத்தபடி மண்வெட்டி வைக்க முடியாது, அது உங்கள் அப்பப்பா உழுத வயலாக இருந்தாலும். முல்லைத்தீவில் குருந்தூர்மலையில் 2021 தொடக்கத்தில் தொல்லியல் திணைக்களம் அகழ்வு தொடங்கியது. ஊர்ச்சனம் ஐயனாரைக் கும்பிட்டு வந்த மலை அது. அதன் பிறகு அங்கே எழுந்த பௌத்தக் கட்டுமானம் முல்லைத்தீவு நீதிமன்றம் வரை போனது. நெடுங்கேணிப் பக்கம் ஒலுமடுவில் வெடுக்குநாறிமலையில் 2024 மார்ச் சிவராத்திரிப் பூசைக்குப் போனவர்களில் எட்டுப் பேரைப் பொலிஸ் கைது செய்தது. அங்கேயும் பிராமிக் கல்வெட்டு இருக்கிறது. இப்படிப்பட்ட இடத்தில் பழைய எழுத்து வாசிக்கத் தெரிந்த ஒரு பிள்ளை ஊரில் இருப்பது, நில அளவையாளர் ஒருவர் ஊரில் இருப்பது போன்ற காரியம். எல்லைச் சண்டை வருகிறபோதுதான் சனத்துக்கு அவர் ஞாபகம் வரும். குருந்தூர்மலைச் செய்திகள் வந்த காலத்தில், அதுவரை என்னைப் பார்த்து முகம் கோணிய அதே மாமா, "பிள்ளை, அந்தக் கல்லில என்னதான் கிடக்கு?" என்று வட்சப்பில் படம் அனுப்பிக் கேட்டார்.

அவருக்கு நான் சொன்ன பதில் அவருக்குப் பிடிக்கவில்லை. இந்தப் படிப்பின் பெரிய சிக்கல் இதுதான், ஊர் எதிர்பார்க்கிற பதிலை எப்போதும் கொடுக்க முடியாது. பேராசிரியர் கா. இந்திரபாலா இதற்கு நல்ல உதாரணம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் வரலாற்றுத் துறையைக் கட்டியெழுப்பியவர். 1965இல் லண்டனில் கொடுத்த ஆய்வேட்டில், இலங்கையில் தமிழரின் நிலையான குடியேற்றங்கள் பிந்தியவை என்ற முடிவுக்கு வந்திருந்தார். அதற்காகத் தமிழர்களிடமே வாங்கிக் கட்டிக்கொண்டார். பிறகு கந்தரோடை, ஆனைக்கோட்டை என்று நிலத்துக்கடியிலிருந்து புதிய சான்றுகள் வந்தன, 2005இல் வெளியிட்ட நூலில் தன் பழைய முடிவைத் தானே மாற்றிக்கொண்டார். நாற்பது வருஷம். சனம் ஏசியபோது மாறாமல் மண் சொன்னபோது மாறியவர் என்று எங்கள் விரிவுரையாளர் ஒருவர் சொல்லிச் சிரிப்பார். இந்த மாதிரி ஒரு ஒழுக்கம் ஒரு பாடத்துக்குள் இருக்கிறது என்று தெரிந்தபோது எனக்கு வக்கீல் புத்தி கொஞ்சம் தணிந்தது. முழுக்கப் போகவில்லை.

இன்னும் சிலர் தாளுக்காக வருகிறார்கள். 2009 எங்களிடமிருந்து எடுத்ததில் தாளைப் பற்றிக் குறைவாகவே பேசுகிறோம், உயிர்கள் போன இடத்தில் தாளைப் பற்றிப் பேச வாய் வராது என்பதும் சரிதான். கிளிநொச்சியிலிருந்து தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு, மாத்தளன், முள்ளிவாய்க்கால் என்று ஒதுங்கிக்கொண்டே போனபோது ஒவ்வொரு இடத்திலும் ஒரு பொதி குறைந்தது. முதலில் தளபாடம், பிறகு பாத்திரம், கடைசியில் கலியாண ஆல்பமும் காணி உறுதியும் பிள்ளைகளின் சான்றிதழும் இருந்த பை. எனக்கு அப்போது எட்டு வயது. பிறகு செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் 2 இலட்சத்துக்கும் மேற்பட்ட பேர் கம்பிக்குள் இருந்தபோது, ஆளாளுக்குப் பெயர், ஊர், குடும்பத்தில் எத்தனை பேர் என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். தாள் இல்லாத மனிதன் தன்னைத்தான் வாயால் நிரூபிக்க வேண்டும்.

ஊருக்குத் திரும்பி வந்த பிறகு காணிக் கதை தொடங்கியது. வன்னியில் நிறையப் பேருக்கு இருப்பது 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரத்தோடு கொடுத்த பேமிற் காணி. அந்தப் பேமிற் தொலைந்துவிட்டால்? அப்பா பின்னேரம் பின்னேரமாக அயலட்டையில் வயதானவர்களைத் தேடிப் போவார். இந்தத் தென்னையை ஆர் வைச்சது, கிணறு வெட்டினது இடப்பெயர்வுக்கு முதலோ பிறகோ, வேலிக்கு அங்கால அப்ப ஆர் இருந்தது. ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் கேட்டுச் சரிபார்ப்பார். இரண்டு பேர் சொன்னது முரண்பட்டால் மூன்றாவது ஆளிடம் போவார். தென்னையின் வயதைக் கணக்குப் பார்ப்பார். நான் பின்னால் சைக்கிளில் இருந்து இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தவள், அதனால் வரலாற்று முறையியல் என்ற பாடம் வந்தபோது எனக்குப் பாதி தெரிந்த பாடமாக இருந்தது. தாள் புதிதாக எடுத்தபோது ஒரு விசித்திரமும் கண்டேன். ஒட்டுசுட்டானில் ஒரே வீட்டில் பிறந்த அம்மம்மாவின் பிறப்பு அத்தாட்சியில் மாவட்டம் வவுனியா, அம்மாவுடையதில் முல்லைத்தீவு. 1978இல்தான் முல்லைத்தீவு தனி மாவட்டமானது. கிளிநொச்சி அதற்கும் பிறகு, 1984இல் யாழ்ப்பாணத்திலிருந்து பிரிந்தது. வீடு நகரவில்லை, கோடு நகர்ந்திருக்கிறது.

பெரிய தாள்களோ எல்லாம் வெளியே. வன்னியைப் பற்றி ஒல்லாந்து அதிகாரி தோமஸ் நாகல் 1793இல் அறிக்கை எழுதினார். ஜே. பி. லூயிஸ் 1895இல் வவுனியா, முல்லைத்தீவுப் பகுதிகளுக்கு ஒரு கையேடு எழுதினார், ஊர், குளம், சாதி, காய்ச்சல், கோயில் எல்லாம் அதில் இருக்கிறது. ஒல்லாந்துக் கிழக்கிந்திய நிறுவனத்தின் ஆவணங்கள் கொழும்பில் சுவடிகள் கூடத்தில், ஒல்லாந்து மொழியில். தமிழ் மொழிமூலம் 1சி பள்ளியில் படித்த பிள்ளை தன் ஊர்க் குளத்தின் பெயரைத் தேட இவ்வளவு தூரம் போக வேண்டியிருக்கிறது. அருகில் இருந்திருக்க வேண்டியதில் ஒரு பங்கு 1981இல் யாழ் நூலகத்தோடு எரிந்தது, 97,000 வரையிலான நூல்கள் என்பார்கள். நூலகம் என்ற பெயரில் 2005இல் தொடங்கிய எண்ணிம நூலகத் திட்டம் இல்லாவிட்டால் என் தலைமுறையில் பாதிப்பேர் ஆய்வேடு எழுதியிருக்கவே முடியாது. பஸ்ஸில் இருந்தபடி போனில் பழைய சிறப்பு மலர்களைப் பெருப்பித்து வாசித்து, டேற்றா முடிந்து, இறங்க வேண்டிய இடம் தாண்டிப் போனதெல்லாம் எங்களுக்குச் சாதாரணம்.

அப்படி வாசித்துக்கொண்டிருந்தபோதுதான் மரியா செம்பாத்தையைக் கண்டேன். பிரிட்டிஷ் குடியேற்ற அரசின் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட் 1859இல் வெளியிட்ட நூலில் நாலைந்து வரி. வன்னியில் ஒல்லாந்தருக்குக் கடும் எதிர்ப்புக் காட்டிய ஒரு வன்னிச்சி, அதாவது வன்னித் தலைவி; அடக்க முடியாமல் பிடித்துக் கொண்டுபோய்க் கொழும்புக் கோட்டையில் வைத்திருந்தார்கள். வன்னியர் என்றால் ஆண் என்றே நினைத்து வளர்ந்த எனக்கு, வன்னிச்சி என்ற சொல்லே அன்றுதான் புதிதாகக் கேட்டது. அவருக்கு ஊரில் நாடகம் இல்லை, கல் இல்லை. பெயரைக்கூட ஆங்கில எழுத்திலிருந்து நாங்களாகத் தமிழுக்குத் திருப்ப வேண்டியிருக்கிறது, செம்பாத்தையா, செம்பாத்தியா. கலைப்பீடத்து வகுப்பில் பெரும்பாலும் பெண் பிள்ளைகள்தான் இருக்கிறோம். அவரைப் பற்றிச் சொன்ன நாளில் பின்வரிசையில் போன் பார்த்துக்கொண்டிருந்தவர்களும் நிமிர்ந்தார்கள்.

கடைசியாக, எனக்கு மிகக் கிட்டிய காரணம். அம்மா ஒட்டுசுட்டான், ஆனால் அப்பா மலையகத்து ஆள். 1958 கலவரத்துக்குப் பிறகும் 1977க்குப் பிறகும் தோட்டங்களிலிருந்து வன்னிக்கு வந்து, காடு வெட்டிக் குடியிருந்த குடும்பங்கள் ஏராளம். கிளிநொச்சியில் மலையாளபுரம், பாரதிபுரம் பக்கம் போனால் தெரியும். அப்பாவின் அம்மாவை நான் அப்பாயி என்றுதான் கூப்பிடுவேன். பள்ளியில் அந்தச் சொல்லுக்கே சிரித்தார்கள். வன்னி வரலாறு என்று புத்தகத்தில் எதை எழுதினாலும் அதில் நாங்கள் இல்லை. பண்டாரவன்னியன் அம்மம்மாவின் ஆள், அப்பாயியின் ஆள் இல்லை. முன்னே சொன்ன காக்கை வன்னியன் அண்ணா எங்கள் அப்பா வழிச் சொந்தம். வேடம் பிரித்தவர்கள் யோசித்துக் கொடுத்தார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். யோசிக்காமலே அது அவனுக்குப் போய்ச் சேர்ந்ததுதான் உறுத்தல்.

இந்தச் சனத்தைப் பற்றிப் பாடப்புத்தகத்தில் கொஞ்சம் உண்டு. 1948இல் குடியுரிமைச் சட்டம், 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று. ஆட்களைப் பங்கு பிரித்த கணக்கு. ஆனால் அப்பாயி சொல்கிற கதை வேறு. அவருடைய தாத்தா இராமேஸ்வரக் கரையிலிருந்து தோணியில் தலைமன்னாரில் இறங்கி, கைக்குழந்தையாக இருந்த அவருடைய அப்பாவைத் தோளில் தூக்கிக்கொண்டு, காட்டு வழியே மாத்தளை வரை நடந்தாராம். வழியெல்லாம் காய்ச்சலும் பேதியும், விழுந்தவரை விட்டுவிட்டுப் போக வேண்டியதுதானாம். அந்தப் பாதை உண்மை. கோப்பித் தோட்டக் காலத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் மன்னார்க் காடு, மதவாச்சி, தம்புள்ளை வழியே நடந்தார்கள், கணக்கில்லாமல் செத்தார்கள். மலையகத்துக்கு வந்த 200 வருஷ நினைவாக 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு மலையகச் சனம் திரும்பவும் நடந்தது. வன்னியின் ஓரத்தால் நடந்து போன சனத்தின் பேரப்பிள்ளைகள் வன்னிக்கே குடிவந்திருக்கிறார்கள் என்பதுதான் என் ஆய்வேட்டின் தொடக்கம்.

வயதுகளைக் கூட்டிக் கழித்தபோது சிக்கல் வந்தது. அப்பாயி பிறந்தது 1948இல். அவருடைய அப்பா கைக்குழந்தையாக வந்தது, எப்படிப் பார்த்தாலும், 1920களில். தலைமன்னாருக்கு ரயில் 1914இலேயே வந்துவிட்டது. தனுஷ்கோடியிலிருந்து கப்பல், இறங்கினால் ரயில். அந்தத் தாத்தா நடந்திருக்கத் தேவையில்லை. நடந்தது அவருக்கும் இரண்டு தலைமுறை முந்தியவர்கள். அந்தக் கதை வாய்வழியே இறங்கி வந்து, கடைசியாக முகம் தெரிந்த தாத்தாவின் தோளில் ஏறிக்கொண்டிருக்கிறது, காக்கை வன்னியன் பண்டாரவன்னியன் கதைக்குள் ஏறினது போல.

இதை அப்பாயியிடம் சொல்லியிருக்கக் கூடாது, சொன்னேன். அவர் குரக்கன் புடைத்துக்கொண்டிருந்தவர் சுளகைக் கீழே வைத்தார். "ரயில்லயா வந்தாரு? சரி, ரயில்லயே வந்துட்டுப் போறாரு. அப்ப நடந்து வந்து வழியில செத்தவங்கெல்லாம் யாரோட தாத்தா? அத உன் பொஸ்தகத்துல போட்டிருக்கா?"

ஆய்வேட்டில் 1914 என்றே எழுதினேன். அப்பாயி கேட்டதை அவர் கேட்ட தமிழிலேயே அந்தப் பக்கத்துக்கு அடிக்குறிப்பாகப் போட்டேன். மேற்பார்வையாளர் மற்ற அடிக்குறிப்புகளில் நிறைய வெட்டினார், அதை வெட்டவில்லை.